விளையாட்டு வைத்து அறிவியல் நடத்தினால் புரியுமா?

ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தும் ஓர் ஆசிரியரின் கேள்வி இது. வகுப்பில் 40 மாணவர்கள். கம்ப்யூட்டர்கள் 10. வாரத்தில் ஒரே ஒரு 45 நிமிட வகுப்பு மட்டும் லேபில் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் விளையாட்டுகளை வைத்து அறிவியலும் கொஞ்சம் பொறியியலும் சொல்லிக்கொடுத்தால் உண்மையில் புரியுமா, இல்லை பிள்ளைகள் விளையாடிவிட்டு அப்படியே எழுந்து போய்விடுவார்களா? தொடங்குவதென்றால் எதிலிருந்து தொடங்குவது? கம்ப்யூட்டர் கிடைக்காத வாரங்களில் என்ன செய்வது?

புரியும். சில பாடங்களில் கரும்பலகையைவிட நன்றாகவே புரியும். ஆனால் விளையாட்டைத் திறந்து கொடுத்துவிட்டு நாம் ஓரமாக நின்றால் ஒன்றும் நடக்காது. நான் முதல்முறை அப்படித்தான் செய்தேன். பாலம் கட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்து வகுப்பு முழுவதும் விட்டுவிட்டேன். எல்லாரும் ஆர்வமாக விளையாடினார்கள். அடுத்த வாரம், ‘பாலத்தில் எந்தக் கம்பி இழுபடுகிறது, எந்தக் கம்பி நசுக்கப்படுகிறது?’ என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எந்த லெவல் வரை போனோம் என்பது மட்டும் எல்லாருக்கும் நினைவிருந்தது. அதற்குப் பிறகுதான் இதை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன். கீழே எழுதியிருப்பது படித்ததும் வகுப்பில் செய்து பார்த்ததும் சேர்ந்தது.

முதலில், விளையாட்டால் என்ன முடியும் என்று பார்க்கலாம். 1982-இல் ஆண்ட்ரியா டிசெஸ்ஸா என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. கம்ப்யூட்டர் திரையில் ஓர் ஆமை. அதைத் திருப்பலாம், ‘உதை’ கொடுக்கலாம். உராய்வு கிடையாது. ஒருமுறை உதைத்தால் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும். அதைக் கொண்டுபோய் ஓர் இலக்கில் மோதவிட வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆமை மேல்நோக்கிப் போய் இலக்குக்கு நேராக வரும்வரை காத்திருந்தார்கள். பிறகு அதை இலக்கின் பக்கம் திருப்பி ஓர் உதை விட்டார்கள். உதைத்த பக்கம் போகும் என்பது அவர்கள் எண்ணம். ஆமையோ சாய்வாகப் போனது. ஏற்கெனவே இருந்த மேல்நோக்கிய திசைவேகம் மறைந்துவிடவில்லை, புதிய உதை அதனோடு கூடியது. கல்லூரியில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியும் முதலில் இதே வழியில்தான் முயன்றார்.

இதை ஒருமுறை உங்கள் வகுப்பில் செய்து பாருங்கள். ‘புறவிசை செயல்படாதவரை ஒரு பொருள் தன் நிலையில் தொடரும்’ என்று பிழையில்லாமல் எழுதி முழு மதிப்பெண் வாங்கும் மாணவரும் ஆமையைத் தவறாகத்தான் உதைப்பார். விதி ஏட்டில் இருக்கிறது. உள்ளே, ‘தள்ளின பக்கம்தான் போகும்’ என்ற பழைய நம்பிக்கை அசையாமல் இருக்கிறது. நடைமுறை வாழ்க்கையில் எல்லா இடத்திலும் உராய்வு இருப்பதால் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கும் அனுபவம் பிள்ளைகளுக்கு வாய்ப்பதே இல்லை. உராய்வில்லாத உலகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுக்க முடிவதுதான் விளையாட்டின் பெரிய பலம். தப்பாக உதைத்தால் ஆமை தப்பான இடத்துக்குப் போகிறது. யாரும் திட்டவில்லை, சிவப்பு மையில் யாரும் சுழிக்கவில்லை. மறுபடி உதைக்கலாம். பத்தாவது உதையில் அந்த மாணவர், ‘முதலில் எதிர்ப்பக்கம் உதைத்து நிறுத்திவிட்டு அப்புறம் திருப்பி உதைக்கணும் சார்’ என்று சொல்லும்போது, திசைவேகங்கள் கூடுவதை அவராகவே கண்டுபிடித்திருக்கிறார். இனி நீங்கள் பலகையில் அம்புக்குறி போட்டுக் கூட்டிக் காட்டினால் அது அவர் ஏற்கெனவே பார்த்த விஷயம்.

ஆனால் சந்தையில் ‘கல்வி விளையாட்டு’ என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி இப்படிப்பட்டது கிடையாது. விண்கலம் ஓடும், எதிரியைச் சுடலாம், நடுவில் நிறுத்தி ‘தங்கத்தின் குறியீடு என்ன?’ என்று கேட்கும். சரியாகச் சொன்னால் இன்னும் பத்துக் குண்டு. பிள்ளைகள் சுடுவதற்காகக் கேள்வியைச் சகித்துக்கொள்கிறார்கள். நான் ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு சோதனை வைக்கிறேன்: இதிலிருந்து அறிவியலைப் பிடுங்கிவிட்டால் விளையாட்டு மிஞ்சுமா? மிஞ்சினால் எனக்கு வேண்டாம். ஆமை விளையாட்டில் திசைவேகத்தை எடுத்துவிட்டால் விளையாட ஒன்றுமே இல்லை. அதுதான் நமக்கு வேண்டியது.

இது என் தனிப்பட்ட ரசனை மட்டும் இல்லை. 2011-இல் ஹாப்குட், எய்ன்ஸ்வர்த் என்ற இருவர் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு சொல்லித்தரும் ஒரு விளையாட்டை இரண்டு விதமாகச் செய்து பார்த்தார்கள். ஒன்றில் எதிரிகளின் மேல் எண் இருக்கும், அதை மீதியின்றி வகுக்கும் ஆயுதத்தால்தான் வீழ்த்த முடியும். இன்னொன்றில் அதே சண்டை, ஆனால் எண்கள் கிடையாது, கணக்கு மட்டும் லெவலின் முடிவில் வினாவாக வரும். முதல் விதத்தில் விளையாடியவர்களுக்குக் கணக்கு அதிகம் வந்தது. அதைவிட எனக்குப் பிடித்தது அடுத்த செய்தி. எது வேண்டுமோ அதை விளையாடலாம் என்று விட்டபோது, கணக்கு உள்ளேயே கலந்திருந்த விளையாட்டில் பிள்ளைகள் ஏழு மடங்கு நேரம் செலவிட்டார்கள். பாடம் கலந்தால் சுவை கெட்டுவிடும் என்று நாம் பயப்பட வேண்டியதில்லை. ஒட்டவைத்தால்தான் கெடுகிறது.

சரி, பொறியியலுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் பள்ளிப் பாடத்தில் பொறியியல் என்பதே பெரும்பாலும் இல்லை. அறிவியல் பாடத்தில் ஒரு கேள்விக்கு ஒரு சரியான விடை உண்டு. பொறியாளருக்கு அந்த வசதி கிடையாது. பாலம் நிற்க வேண்டும், செலவும் குறைய வேண்டும். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும். இந்த இழுபறியைப் பாடப்புத்தகத்தின் ஒரு பக்கத்தில் அச்சடித்துக் காட்ட முடியாது, செய்து பார்த்துத்தான் உணர முடியும்.

நான் பயன்படுத்துவது பிரிட்ஜ் டிசைனர் என்ற இலவச மென்பொருள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்விக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கர்னல் ஸ்டீஃபன் ரெஸ்லர் பள்ளி மாணவர்களை மனதில் வைத்து உருவாக்கியது. வரைகட்டத்தில் இணைப்புப் புள்ளிகள் வைத்து, கம்பிகளால் இணைத்துச் சட்டகப் பாலம் ஒன்றை வரைய வேண்டும். ஒவ்வொரு கம்பிக்கும் எந்த வகை எஃகு, எவ்வளவு தடிமன், திடக் கம்பியா உள்ளே வெற்றிடமான குழாயா என்று தீர்மானிக்கலாம். பிறகு சோதனைப் பொத்தானை அழுத்தினால் ஒரு லாரி பாலத்தின் மேல் ஏறும். அமுக்கப்படும் கம்பிகள் சிவப்பாகவும் இழுபடும் கம்பிகள் நீலமாகவும் மாறும். சுமை கூடக்கூட நிறம் அடர்த்தியாகும். தாங்காத கம்பி முறியும், லாரி கீழே போகும். திரையின் மேல் பக்கத்தில் செலவு ஓடிக்கொண்டே இருக்கும்.

முதல் பத்து நிமிடத்தில் எல்லாக் குழுவும் ஒரே காரியத்தைத்தான் செய்யும். எங்கே முறிகிறதோ அங்கே தடிமனைக் கூட்டும். பாலம் நின்றுவிடும், செலவு தாறுமாறாக ஏறியிருக்கும். இங்கே நிறுத்தச் சொல்லி ஒரு கேள்வி போடுங்கள்: ‘சிவப்புக் கம்பிகள் மட்டும் ஏன் இவ்வளவு தடிமன் கேட்கின்றன? நீலக் கம்பி மெலிதாக இருந்தாலும் தாங்குகிறதே?’ ஒரு நீளமான பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். ஒன்றும் ஆகாது. அதே அளவுகோலை மேசையில் செங்குத்தாக நிறுத்தி மேலிருந்து அழுத்தச் சொல்லுங்கள். சட்டென்று பக்கவாட்டில் வளையும். இழுக்கும்போது பொருளின் வலிமைதான் கணக்கு, அமுக்கும்போது வடிவமும் நீளமும் சேர்ந்துகொள்கின்றன. மெலிந்த நீண்ட கம்பி நசுங்கிச் சாவதில்லை, நெளிந்து சாகிறது. அதன் நீளத்தைப் பாதியாக்கினால் நெளியாமல் தாங்கும் சுமை நான்கு மடங்காகும். இது கணித அறிஞர் ஆய்லர் கண்டறிந்த விதி. பெயரைச் சொல்ல வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் இதைச் சொன்னதும் மாணவர்கள் விளையாட்டுக்குத் திரும்பிப்போய் நீளமான சிவப்புக் கம்பியின் நடுவில் ஓர் இணைப்பைப் போட்டு, அந்த இணைப்பை வேறு கம்பியால் பிடித்து, அதை இரண்டாக்குவார்கள், திடக் கம்பியைக் குழாயாக மாற்றுவார்கள். அதே எடை எஃகைக் குழாயாக்கினால் பொருள் மையத்திலிருந்து தள்ளி நிற்கிறது, அதனால் நெளிவதற்கு அதிகம் எதிர்ப்புக் காட்டுகிறது. செலவு இறங்குவதைப் பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பாருங்கள். அதற்காகவே இந்தப் பாடத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இந்த மென்பொருளின் இன்னொரு நுணுக்கம் பலர் கண்ணில் படுவதில்லை. கம்பியின் எடைக்கு மட்டும் அது பணம் கேட்பதில்லை. ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செலவு, பயன்படுத்தும் ஒவ்வொரு வேறுபட்ட கம்பி வகைக்கும் தனிச் செலவு. ஆகவே ஒவ்வொரு கம்பியையும் அதற்குத் தேவையான மிகச் சரியான தடிமனுக்கு மெலிதாக்கிக்கொண்டே போகும் புத்திசாலிக் குழு, ஒரு கட்டத்தில் செலவு கூடுவதைப் பார்த்துத் திகைக்கும். ஏன் என்று அவர்களையே தேடவிடுங்கள். பத்து வகைக் கம்பி வாங்குவதைவிட மூன்று வகை வாங்கி, சில இடங்களில் தேவைக்கு மேல் தடிமனாக விட்டுவிடுவதே மலிவு என்று கண்டுபிடிப்பார்கள். தொழிற்சாலைகள் ஏன் ஒரே அளவுத் திருகாணியை எல்லா இடத்திலும் பயன்படுத்துகின்றன என்பது அன்றைக்குப் புரியும். இதை நான் விரிவுரையாகச் சொல்லியிருந்தால் ஐந்து பேர்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

மின்சுற்றுக்குத் தயங்காமல் நான் சொல்வது ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள். 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். இலவசம், பிரவுசரிலேயே ஓடும், முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும். பல மொழிகளில் இருக்கிறது, தமிழிலும் சில சிமுலேஷன்கள் கிடைக்கின்றன. கண்டிப்பாகச் சொன்னால் இது விளையாட்டு இல்லை, விளையாட்டு மைதானம். வெற்றி தோல்வி கிடையாது. அதை விளையாட்டாக்குவது நீங்கள் வைக்கும் சவால்தான். ‘இரண்டு பேட்டரி, மூன்று பல்பு, ஒரு சுவிட்ச். சுவிட்சை அழுத்தினால் ஒரு பல்பு அணைய வேண்டும், மற்ற இரண்டும் இன்னும் பிரகாசமாக வேண்டும். தீ பிடிக்கக் கூடாது’ என்று சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் பேச்சு மூச்சு இருக்காது. (குறுக்குச் சுற்றானால் அதில் உண்மையிலேயே தீ எரிவதுபோல் காட்டும், அதையும் ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்க்காமல் விட மாட்டார்கள். விடுங்கள், செய்யட்டும். உண்மையான பேட்டரியில் அதைச் செய்யவிட முடியாதே.)

விடை ஒன்றைச் சொல்லி வைக்கிறேன், நீங்கள் முன்னாலேயே செய்து பார்த்துக்கொள்ளலாம். மூன்று பல்பையும் தொடரிணைப்பில் வைத்து, ஒன்றின் குறுக்கே மட்டும் சுவிட்சைப் போட்டால் போதும். மூடியதும் மின்னோட்டம் அந்தப் பல்பை விட்டுவிட்டுத் தடையில்லாத வழியில் போய்விடும், மொத்தத் தடை குறைவதால் மற்ற இரண்டும் பளிச்சென்று எரியும். ‘சுவிட்ச் என்றால் போட்டால் எரியணும்’ என்ற எண்ணம் இதில் உடைகிறது.

நிஜமான வயரும் பல்பும் இருக்கும்போது திரை எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதைத்தான் கொலராடோவில் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள், முடிவு 2005-இல் வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு நிஜக் கருவிகள், இன்னொரு பிரிவுக்கு சிமுலேஷன் மட்டும். பிறகு இரண்டு பிரிவையும் நிஜக் கருவியில் சுற்று அமைக்கச் சொன்னபோது, அதுவரை நிஜக் கருவியைத் தொடாதவர்களே அதை விரைவாகச் செய்தார்கள், நன்றாக விளக்கவும் செய்தார்கள். காரணம் புரிந்துகொள்ள முடிகிறது. நிஜ வயரில் மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாது, சிமுலேஷனில் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். நிஜ லேபில் பாதி நேரம் தளர்ந்த இணைப்பைத் தேடுவதிலும் தேய்ந்த பேட்டரியை மாற்றுவதிலும் போய்விடும்.

அதற்காக நிஜத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். தளர்ந்த இணைப்பைத் தேடிக் கண்டுபிடிப்பதும் ஒரு பொறியியல் திறமைதான், அதைத் திரை கற்றுத்தராது. நான் பின்பற்றும் வரிசை: முதல் வாரம் திரை, அடுத்த வாரம் நிஜக் கருவி, ‘திரையில் இல்லாத எது இங்கே இருக்கிறது?’ என்று ஒரு பட்டியல். பல்பு சூடாகிறது, பேட்டரி தீர்கிறது, வயருக்கும் கொஞ்சம் தடை இருக்கிறது என்று அவர்களே எழுதுவார்கள்.

எல்லா விளையாட்டும் எங்கோ ஓர் இடத்தில் பொய் சொல்லும். அந்தப் பொய்யைத் தேடவைப்பது நல்ல பாடம். இதற்கு ராக்கெட் விளையாட்டு மிகப் பொருத்தம். 2011-இல் முதல் வடிவம் வந்த கெர்பல் ஸ்பேஸ் ப்ரோகிராம் விலை கொடுத்து வாங்க வேண்டியது, கம்ப்யூட்டரும் கொஞ்சம் வலுவாக இருக்க வேண்டும். அதனால் எல்லாப் பள்ளிக்கும் ஒத்துவராது. ஒரே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, பெரிய திரையில் காட்டி, வகுப்பே சேர்ந்து முடிவெடுத்து விளையாடினால்கூடப் போதும்.

அதில் உள்ள கற்பனைக் கோளின் ஆரம் 600 கிலோமீட்டர்தான், பூமியின் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. ஆனால் தரையில் ஈர்ப்பு முடுக்கம் பூமியில் உள்ளதே. அதனால் தாழ்ந்த சுற்றுப்பாதையில் நிற்க நொடிக்கு ஏறக்குறைய 2,250 மீட்டர் வேகம் போதும், பூமிக்கோ ஏறக்குறைய 7,800 வேண்டும். ‘விளையாட்டில் இவ்வளவு எளிதாகப் போகிற ராக்கெட்டை நிஜத்தில் ஏன் அவ்வளவு பெரிதாகக் கட்டுகிறார்கள்?’ என்று கேட்க இதுவே நல்ல இடம். ராக்கெட்டின் வேக மாற்றத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பை 1903-இல் ரஷ்ய ராக்கெட் அறிஞர் சியல்கோவ்ஸ்கி வெளியிட்டார். வாயு நொடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராக்கெட்டும் 3,000 மீட்டர் வேகம் பெற, எரிபொருளோடு இருந்த எடை, எரிந்து முடிந்தபின் மிஞ்சும் எடையைப்போல் 2.7 மடங்கு இருக்க வேண்டும். 6,000 வேண்டுமென்றால் 7.4 மடங்கு. 9,000-க்கு 20 மடங்கு. வேகம் கூட்டல் கணக்கில் ஏற, எடை பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. விளையாட்டில் எரிபொருள் தொட்டியை மேலும் மேலும் சேர்த்தும் ராக்கெட் நகராமல் நின்ற பிள்ளைக்கு இந்த மூன்று எண்களும் அப்படியே பதிந்துவிடும்.

இன்னொரு விஷயம், இதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. ஒரே சுற்றுப்பாதையில் முன்னால் போகும் கலத்தைப் பிடிக்க வேண்டும் என்றால் என்ன செய்வீர்கள்? எல்லாரும் அதை நோக்கி இன்ஜினை எரிப்பார்கள். அப்படி எரித்தால் பாதை உயர்கிறது, உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு அதிக நேரமாகிறது, கடைசியில் பின்தங்கிப் போவோம். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கு இதுதான் நடந்தது. தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் காலியான அடுக்கை நெருங்க அதை நோக்கியே உந்தினார், நெருங்க முடியாமல் எரிபொருள் செலவானதுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட வேண்டியதாயிற்று. பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்துத் தாழ்வான பாதைக்கு இறங்க வேண்டும், அங்கே சுற்று சீக்கிரம் முடியும். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர் செய்த அதே தவறைத் தாங்களும் செய்தோம் என்று தெரியும்போது பிள்ளைகளுக்கு வெட்கம் போய்விடுகிறது, ஆர்வம் மட்டும் நிற்கிறது.

உயிரியல் பக்கம் எனக்கு அனுபவம் குறைவு, ஆனால் ஃபோல்டிட் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். புரதம் மடியும் வடிவத்தைத் தேடும் விளையாட்டு, 2008-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. குரங்குகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நொதி வடிவம் பத்தாண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்களுக்குப் பிடிபடாமல் இருந்தது. விளையாடுபவர்கள் சில வாரங்களில் அதற்கு நல்ல மாதிரியைக் கொடுத்தார்கள். 2011-இல் ஆய்விதழில் வெளிவந்தது. விளையாடியவர்களில் பலருக்கு உயிர்வேதியியல் பட்டம் கிடையாது.

இனி எதிர்பார்ப்பை எவ்வளவு வைத்துக்கொள்வது என்ற கேள்வி. 2013-இல் வவுட்டர்ஸும் சக ஆய்வாளர்களும் அதுவரை நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கற்பித்தலைவிட விளையாட்டுகளால் கற்றல் கூடியது, நினைவில் நிற்பதும் கூடியது. ஆனால் அளவு மிதமானதுதான். ஆர்வம் கூடியதாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை! நாமெல்லாம் விளையாட்டைக் கையிலெடுப்பதே ஆர்வத்துக்காகத்தான். பாடத்துக்காக ஆசிரியர் குறித்துக் கொடுத்த விளையாட்டு, பிள்ளை தானாகத் தேர்ந்தெடுத்த விளையாட்டைப்போல் இருக்காது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். அதே தொகுப்பு இன்னும் மூன்று விஷயங்களைச் சொல்கிறது: வேறு கற்பித்தலோடு சேர்த்தால் பலன் அதிகம், ஒருமுறையோடு விடாமல் பலமுறை விளையாடினால் அதிகம், குழுவாக விளையாடினால் அதிகம். உங்களிடம் 40 பேருக்கு 10 கம்ப்யூட்டர்தான் இருப்பது குறையாகத் தோன்றலாம். எனக்கு அது வசதியாகத்தான் தெரிகிறது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் இருந்தால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.

நான்கு பேர் ஒரு கம்ப்யூட்டர் என்றால் ஒருவரே மவுசைப் பிடித்துக்கொள்வார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். இதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். மவுஸ் வைத்திருப்பவர் தானாக எதுவும் செய்யக் கூடாது, பக்கத்தில் இருப்பவர் சொல்வதை மட்டும் செய்ய வேண்டும். மூன்றாமவர் ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ‘என்ன ஆகும்’ என்று நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். நான்காமவர் முடிந்தபின் ‘ஏன் அப்படி ஆனது’ என்று ஒரு வரி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். கை வேகம் உள்ளவரே எல்லாவற்றையும் செய்வது நின்றுவிடும், பேசத் தயங்கும் பிள்ளையும் பேசியே ஆக வேண்டும்.

முன்னால் எழுதும் அந்த ஒரு வரிதான் இத்தனையிலும் முக்கியம். அதை விட்டுவிட்டால் எல்லாம் வீண். ஊகத்தை எழுதி வைக்காத மாணவர், விடையைப் பார்த்ததும் ‘எனக்கு அப்பவே தெரியும்’ என்று மனதார நம்புவார். எழுதி வைத்தவரால் முடியாது. நோட்டில் இருப்பதும் திரையில் இருப்பதும் ஒத்துப்போகாத அந்த நொடியில்தான் அவர் யோசிக்கத் தொடங்குகிறார்.

உங்கள் 45 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 7 நிமிடம் சவாலைச் சொல்லி ஊகம் எழுதவைக்க. அடுத்த 20 நிமிடம் விளையாட, நடுவில் ஒரே ஒரு முறை நிறுத்த. மீதி நேரம் முழுவதும் பேச்சுக்கு. அப்போது திரைகள் அணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் குரல் எடுபடாது. விளையாட்டு நேரத்தைக் குறைத்துப் பேச்சைக் கூட்டுவது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும், பிள்ளைகளும் முனகுவார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். ஸ்கோரை மதிப்பெண்ணாக்கவும் வேண்டாம். ஆக்கினால் பக்கத்துக் குழுவைப் பார்த்து எழுதுவார்கள், துணிந்து தோற்றுப்பார்க்க யாரும் முன்வர மாட்டார்கள். புரிந்ததா என்று பார்க்க, விளையாட்டில் வராத ஒரு பாலத்தைத் தாளில் வரைந்துகொடுத்து எந்தக் கம்பி சிவப்பாகும், எது நீலமாகும் என்று கேளுங்கள்.

கம்ப்யூட்டர் லேப் கிடைக்காத வாரங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். திரையில்லாத விளையாட்டுகளில் இரண்டு மட்டும் சொல்கிறேன். கதிரியக்கச் சிதைவுக்கு 100 பகடைகள் போதும். எல்லாவற்றையும் உருட்டி, ஆறு விழுந்தவற்றை நீக்கி, மிச்சத்தை மறுபடி உருட்ட வேண்டும். சராசரியாக 100, 83, 69, 58, 48 என்று குறையும். நான்காவது உருட்டலுக்குள் ஏறக்குறைய பாதி காலி. எந்தப் பகடை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் கூட்டம் எப்படிக் குறையும் என்று சொல்ல முடியும். அரை ஆயுட்காலம், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், என்ற சொல்லின் முழுப் பொருளும் இதில் இருக்கிறது. பத்துக் குழுவும் தனித்தனியாகச் செய்து வரைபடங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது தொற்றுநோய் விளையாட்டு. எல்லாருக்கும் ஒரு கோப்பைத் தண்ணீர், ஒரே ஒரு கோப்பையில் மட்டும் கொஞ்சம் சோடியம் கார்பனேட் கரைசல். யாருடையது என்று யாருக்கும் தெரியாது. மூன்று சுற்று, ஒவ்வொரு சுற்றிலும் ஒருவர் இன்னொருவரோடு தன் நீரைக் கலந்து பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், யாரோடு என்று குறித்து வைக்க வேண்டும். கடைசியில் எல்லாக் கோப்பையிலும் ஒரு சொட்டு ஃபினால்ஃப்தலீன் (காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விடுங்கள். ஒருவரில் தொடங்கியது எட்டுப் பேர் வரை இளஞ்சிவப்பாகியிருக்கும். இப்போது குறிப்புகளை வைத்து முதல் ஆளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். எவ்வளவு முயன்றாலும் முதல் சுற்றில் கலந்துகொண்ட இருவரில் யார் என்று பிரிக்க முடியாது. தரவால் எதுவரை சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. யாரும் குடித்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. நன்றாக ஓடத் தொடங்கியபின், ஆண்டு முடிவில், விளையாட்டை அவர்களையே செய்யச் சொல்லுங்கள். 1969-இல் மனிதன் நிலவில் இறங்கிய சில மாதங்களில், அமெரிக்காவின் லெக்சிங்டனில் ஜிம் ஸ்டோரர் என்ற உயர்நிலைப் பள்ளி மாணவர் நிலவில் கலத்தை இறக்கும் விளையாட்டு ஒன்றை எழுதினார். படமே கிடையாது. ஒவ்வொரு 10 நொடிக்கும் எவ்வளவு எரிபொருள் எரிக்க வேண்டும் என்று தட்டச்சு செய்தால், உயரமும் வேகமும் காகிதத்தில் அச்சாகி வரும். பின்னால் வந்த எத்தனையோ நிலவிறங்கு விளையாட்டுகளுக்கு அதுதான் மூலம்.

இன்றைக்குப் பிள்ளைகள் கட்டளைத் துண்டுகளை அடுக்கியே நிரல் எழுத ஸ்க்ராட்ச் என்ற மென்பொருள் இருக்கிறது, 2007 முதல் இலவசம். அதில் இதே விளையாட்டின் உயிர்நாடி இரண்டே கட்டளைகள்: ஒவ்வொரு கணமும் வேகத்தில் ஒரு சிறிய எண்ணைக் கழி, பிறகு உயரத்தை அந்த வேகத்தால் மாற்று. முதல் கட்டளை முடுக்கம், இரண்டாவது திசைவேகம். என் மாணவி ஒருத்தி முதல் கட்டளையை விட்டுவிட்டு, உயரத்தை மட்டும் ஒரே அளவாகக் குறைத்துக்கொண்டிருந்தாள். கலம் லிஃப்ட் மாதிரி இறங்கியது. ‘விழுற மாதிரியே இல்லையே சார், என்ன தப்பு?’ என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு சாக்பீஸை மேலிருந்து போட்டுக் காட்டினேன். இரண்டாவது முறை போடச் சொன்னாள். மூன்றாவது முறை கேட்காமல் கம்ப்யூட்டருக்குத் திரும்பிப் போய், வேகத்துக்கென்று தனியாக ஒரு மாறியை உருவாக்கினாள்.